பழத்துக்கேற்ற குளிர்

சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்களின் வழியாகக் கிழக்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை, உளுந்தூர்ப்பேட்டையில் சென்னைச் சாலையோடு கலப்பதற்கு முன், பழைய மலைக்கோட்டையை உச்சியில் தாங்கி நிற்கும் தியாகதுருகத்தைக் கடந்து செல்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் சேலத்து மாம்பழங்கள் சென்னைக்குப் போகும் வழி இது. ஆவணி பிறந்த பிறகு, மேற்கே நீலமாய்த் தெரியும் கல்வராயன் மலையிலிருந்து சீத்தாப்பழக் கூடைகள் இறங்கி வந்து இந்த வட்டாரத்துச் சந்தைகளையும் சாலையோரங்களையும் நிறைக்கின்றன. பலாவும் கொய்யாவும் எலுமிச்சையும் வாழையும் அவையவற்றின் பருவத்தில் வந்து சேர்கின்றன. கோடையில் வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும் இந்தப் பிரதேசத்தில், பறித்த பழம் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி அதை விளைவித்தவனுக்கு வெறும் சாஸ்திர விசாரம் அன்று. ஒரு வருஷம் பாடுபட்டதன் பலன் முழுவதும் அந்தச் சில நாள்களுக்குள் விலையாகியாக வேண்டும், இல்லையேல் குப்பைமேட்டுக்குப் போயாக வேண்டும்.

ஆகையினால், நம் பக்கத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கு வந்துவிட்டால் எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிடும் என்ற பேச்சு விவசாயிகள் கூடும் இடங்களிலெல்லாம் கேட்கிறது. அது நியாயமான ஆசையே. ஆயினும் அந்தப் பேச்சில் ஒரு சிறு கேள்வி எப்போதும் விடுபட்டுப் போகிறது: எவ்வளவு குளிர்? குளிர் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு பழம் நிற்கும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வாழைக்காய்ச் சீப்பு ஒன்றைச் சில நாள் வைத்திருந்து எடுத்துப் பார்த்தவர்கள் அந்த எண்ணத்தின் பிழையை நேரிலேயே கண்டிருப்பார்கள். அந்தப் பெட்டியின் உள்ளே உஷ்ணம் 4 அல்லது 5 டிகிரி. தோல் மங்கிச் சாம்பல் நிறமாகிப் பிறகு கறுக்கிறது. வெளியே எடுத்து வைத்தாலும் அந்தக் காய் முறையாகப் பழுப்பதில்லை. மணமும் வருவதில்லை, இனிப்பும் ஏறுவதில்லை. அழுகல் அதைக் கெடுக்கவில்லை, புழு அதைக் கெடுக்கவில்லை. அதைக் காப்பதற்கென்று நாம் கொடுத்த குளிரே அதைக் கெடுத்துவிட்டது.

இதன் காரணத்தை அறிய வேண்டுமானால், பறித்த பழம் ஜீவனுள்ள பொருள் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கொடியிலிருந்தோ கிளையிலிருந்தோ பிரிக்கப்பட்ட பின்னும் அது சுவாசிக்கிறது; காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றுத் தன்னுள் சேர்த்து வைத்திருக்கும் மாவுப் பொருளையும் சர்க்கரையையும் செலவழித்து, கரியமில வாயுவையும் நீராவியையும் உஷ்ணத்தையும் வெளியே விடுகிறது. வேரிலிருந்து இனி வரவு கிடையாது. இருப்பைச் செலவழித்தே அது வாழ வேண்டும். சுற்றுப்புறத்து உஷ்ணம் 10 டிகிரி உயர்ந்தால் இந்தச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகவோ மூன்று மடங்காகவோ பெருகுகிறது. உஷ்ணத்தைத் தணித்தால் செலவு சுருங்குகிறது, ஆயுள் நீள்கிறது. குளிர்பதனத்தின் ஆதாரம் முழுவதும் இந்த ஒரு கணக்குத்தான்.

மா, வாழை, கொய்யா, பப்பாளி, சப்போட்டா, பலா, சீத்தா முதலிய பழங்களில் இன்னொரு விசேஷமும் உண்டு. காயாய் இருக்கையில் நிதானமாக நடந்துகொண்டிருந்த சுவாசம், பழுக்கும் தறுவாயில் திடீரென்று எழும்பி ஒரு சிகரத்தைத் தொட்டுப் பிறகு இறங்குகிறது. ஃப்ராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1920-களில் கேம்பிரிட்ஜில் ஆப்பிளை வைத்துக்கொண்டு இந்த எழுச்சியைத் துல்லியமாக அளந்து காட்டினார்கள். அந்த எழுச்சி தொடங்கிவிட்டால் பிறகு அதை நிறுத்தும் வல்லமை குளிருக்கு இல்லை. சற்றுத் தாமதப்படுத்தலாம், அவ்வளவே. ஆகவே இப்பழங்களைக் காக்க விரும்புகிறவன் எழுச்சிக்கு முன்பே, முற்றிய காயாக, குளிருக்குள் கொண்டுபோக வேண்டும்.

குளிரைப் பற்றிய முதல் பாடங்களை உலகம் கற்றது ஆப்பிளிடமிருந்து. நம் நாட்டுக்கோ குளிர் பனிக்கட்டியாய்க் கப்பலேறி வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃப்ரெடரிக் டியூடர், அங்கே உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டியை 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பிவைத்தார். அதே வியாபாரத்துக்காக 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த கட்டடத்தை ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் சொல்லுகிறோம்; சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்ததனால் அது இப்போது விவேகானந்தர் இல்லமாய் விளங்குகிறது. இயந்திரக் குளிர் வந்த பிறகு, 1892-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் குளிர்பதனக் கிடங்கு ஏற்பட்டது. அதன் பின் நம் தேசத்தில் எழுந்த கிடங்குகளில் மிகப் பெரும்பான்மை உருளைக்கிழங்குக்கென்றே கட்டப்பட்டவை. ஆப்பிளும் உருளைக்கிழங்கும் குளிர்ந்த தேசத்துப் பிறவிகள். உறைநிலையை ஒட்டிய குளிரையோ அதற்குச் சில டிகிரி மேலான குளிரையோ அவை தாங்கும். வெப்ப மண்டலத்தில் பிறந்த பழத்தை அதே அறையில் கொண்டுபோய் வைத்ததுதான் தொடக்க காலத்துப் பெரும் பிழை.

அது ஏன் பிழை? உயிரணு ஒவ்வொன்றையும் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வில் கொழுப்புப் பொருள்கள் நிறைந்துள்ளன. மார்கழி மாதத்துக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே உறைந்து நிற்கையில் நல்லெண்ணெய் இளகியே இருப்பதைப் போல, குளிர்தேசத்துச் செடிகளின் சவ்வு குளிரிலும் நெகிழ்ந்திருக்க, நம் தேசத்துப் பழங்களின் சவ்வு ஏறக்குறைய 10 டிகிரியை ஒட்டிய இடத்திலேயே இறுகத் தொடங்கிவிடுகிறது. லயன்ஸ், ரெய்சன் என்ற இருவர் 1970-ஆம் ஆண்டு வாக்கில் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். பின்வந்தவர்கள் அதைப் பல வகையில் திருத்தியும் விரித்தும் இருக்கிறார்கள் என்றாலும், மூலக் கருத்து நிலைத்திருக்கிறது. சவ்வு இறுகினால் அணுவுக்குள் நடக்கும் வேலைகள் தாளம் தப்புகின்றன. தனித்தனி அறைகளில் இருக்க வேண்டிய பொருள்கள் கசிந்து ஒன்றோடொன்று கலந்து கறுப்பு நிறம் உண்டாகிறது. தோலில் குழி விழுகிறது. பழுக்கச் செய்யும் கிரமம் குலைந்துபோகிறது. நோய்க்காளானுக்கு வாசல் திறந்துவிடுகிறது. பழம் உறைந்து கெடுவது வேறு, இது வேறு. உறைநிலைக்கு எவ்வளவோ மேலேயே நேர்ந்துவிடும் இந்தக் குளிர்ச்சேதம், ஆராய்ச்சியாளர்களை நீண்ட காலம் ஏமாற்றியது. ஏனென்றால் குளிரறைக்குள் இருக்கும் வரையில் பழம் பார்வைக்கு வெகு அழகாகவே இருக்கும். வெளியே எடுத்த இரண்டாம் நாள், மூன்றாம் நாளில்தான் உண்மை வெளிப்படும்.

இந்த உண்மையைக் கிரமமாக ஆராய்ந்த இடங்களுள் முதன்மையானது மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த டிரினிடாட். அங்கே வெப்ப மண்டல விவசாயத்துக்கான இம்பீரியல் கல்லூரியில், 1928-ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யச் சந்தை வாரியத்தின் பொருளுதவியோடு குளிர்நிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைந்தது; சி. டபிள்யூ. வார்ட்லா என்ற தாவர சாஸ்திரி அதன் உயிர்நாடியாய் இருந்தார். இங்கிலாந்துக்குக் கப்பலேறும் குரோ மிஷேல் ரக வாழைத்தார்களை எந்த உஷ்ணத்தில் வைத்தால் பச்சை மாறாமலும் பழுக்கும் சக்தி குன்றாமலும் போய்ச் சேரும் என்பது அவர் எடுத்துக்கொண்ட முதல் பிரச்சினை. ஏறக்குறைய 12 டிகிரி என்ற விடை கிடைத்தது. பிற்காலத்தில் கேவண்டிஷ் ரகம் அந்த இடத்தைப் பிடித்தபோது, அதற்கு 13 முதல் 14 டிகிரி வேண்டியிருந்தது. ஒரே வாழைக் குலத்திலே, ரகத்துக்கு ரகம் ஒன்றிரண்டு டிகிரி வேறுபடுகிறது என்றால், பழத்துக்குப் பழம் எவ்வளவு வேறுபடும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். வார்ட்லாவும் லியோனார்ட் என்பவரும் 1936-இல் மேற்கிந்திய மாம்பழங்களைப் பற்றித் தனியே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அத்தீவுகளில் விளைந்த மாவும் நம் நாட்டிலிருந்து கடல் கடந்து போன பரம்பரையே.

நம் தேசத்தில் இவ்வாராய்ச்சிக்கு வித்திட்ட இடம் பூனாவின் கணேஷ்கிண்ட். பம்பாய் அரசாங்கத்தின் தோட்டக்கலை நிபுணராய் இருந்த ஜி. எஸ். சீமா, 1932, 1933 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அல்போன்சா மாம்பழங்களை ஐரோப்பாவுக்குக் கப்பலில் அனுப்பிப் பார்த்தார். அந்த அனுபவத்தைப் பற்றி அவரும் தானி என்பவரும் சேர்ந்து 1934-இல் அறிக்கை எழுதினார்கள். பின்னர் கர்மார்க்கர், ஜோஷி ஆகிய துணைவர்களோடு கணேஷ்கிண்டில் அவர் பல பழங்களையும் காய்கறிகளையும் குளிரறையில் வைத்துச் சோதித்தார். அல்போன்சாவுக்கு அவர்கள் கண்ட அளவு 7 முதல் 9 டிகிரி. நன்கு முற்றிய பச்சைக் காய்கள் அந்தக் குளிரில் ஏறக்குறைய ஏழு வாரம் தாக்குப்பிடித்தன. சாதாரணக் கூடையில் வைக்கோலுக்குள் ஒன்றிரண்டு வாரமே நிற்கும் ஒரு பழத்துக்கு இது பெரும் ஆயுள்.

இத்தகைய பரிசோதனை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் செலவாகும் பொறுமை சாமானியர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே தோட்டத்தில், கூடுமானால் ஒரே வயது மரங்களில், ஒரே நாள் காலையில், ஒரே பக்குவத்தில் காய் பறிக்க வேண்டும். காம்பை ஒட்ட முறித்தால் பால் வடிந்து தோலில் கறை படியும்; ஆகையால் விரற்கடை நீளக் காம்போடு நறுக்கி, கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட வேண்டும். முற்றிய காயை இளங்காயிலிருந்து பிரிக்கத் தோள்கள் காம்பை மீறி உயர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். தண்ணீரில் போட்டு, அமிழ்வது முற்றல், மிதப்பது இளசு என்று கழிப்பதும் உண்டு. இப்படித் தேர்ந்த காய்களைச் சம பங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கை 2 டிகிரி அறையிலும், அடுத்ததை 5 டிகிரியிலும், மற்றவற்றை 8, 11, 14 என்று ஏறிக்கொண்டே போகும் அறைகளிலும், கடைசிப் பங்கைக் குளிரே இல்லாத சாதாரண அறையிலும் வைக்கிறார்கள்.

அதன் பிறகு வாரந்தோறும் ஒவ்வோர் அறையிலிருந்தும் சில காய்களை வெளியே எடுத்து, சாதாரண உஷ்ணத்தில் பழுக்க விட்டு, எடை எவ்வளவு குறைந்தது, தோல் எப்படி நிறம் மாறியது, அழுத்தினால் எவ்வளவு இளகுகிறது, சாற்றில் சர்க்கரை எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று குறிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அறுத்துத் தின்று பார்க்கிறார்கள். 2 டிகிரி அறைக் காய் ஏழாம் வாரத்திலும் பச்சைப் பசேலென்று இருக்கும். வெளியே வந்தால் பழுக்காமல் சுருங்கி, திட்டுத்திட்டாய்க் கறுத்து, சக்கையாய்ச் சப்பென்றிருக்கும். 14 டிகிரி அறைக் காய் மூன்றாம் வாரத்திலேயே உள்ளே பழுத்துவிடும். சுவை முதல்தரம், ஆயுள் குறைவு. இவ்விரண்டு நஷ்டங்களுக்கும் இடையில், பின்னால் ஒழுங்காகப் பழுக்கவும் வேண்டும், முன்னால் கூடியவரை நாள் கடத்தவும் வேண்டும் என்ற இரட்டை நிபந்தனையைப் பூர்த்திசெய்யும் குறுகிய ஓரிடத்தைக் கண்டுபிடிப்பதே ஆராய்ச்சியின் முழு நோக்கம். அதையும் ஒரு பருவத்தில் முடித்துவிட முடியாது. மழை மிகுந்த ஆண்டின் பழமும் வறண்ட ஆண்டின் பழமும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அல்போன்சாவுக்குப் பூனாவில் 7 முதல் 9 டிகிரி என்றார்கள். இன்று மாம்பழ ஏற்றுமதிக்குப் பெரும்பாலும் 12, 13 டிகிரியைச் சிபாரிசு செய்கிறார்கள். முன்னவர்கள் தவறிவிட்டார்கள் என்பது இதன் பொருள் அன்று. நீண்ட நாள் வைத்திருப்பது ஒருவர் நோக்கம்; வந்து சேர்ந்த பழத்தின் நிறத்திலும் மணத்திலும் இம்மியும் குறையாதிருப்பது மற்றவர் நோக்கம். சிறந்த உஷ்ணம் எது என்று கேட்டால், எத்தனை நாளுக்கு, எந்த ரகத்துக்கு, எந்தப் பக்குவத்துக்கு, யார் வாயில் விழப்போகும் பழத்துக்கு என்றெல்லாம் பதில் கேள்வி பிறக்கிறது. நம் சேலத்து மல்கோவாவும் பெங்களூராவும் நீலமும் மூன்று வெவ்வேறு பிறவிகள். மூன்றுக்கும் ஒரே எண்ணை எழுதி வைப்பவரை நம்பி என் தோட்டத்துக் காயை நான் அனுப்ப மாட்டேன்.

மைசூரில் 1950-இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், திருச்சியில் 1993-இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இந்த வேலையைத் தொடர்ந்து நடத்தி வந்திருக்கின்றன. இவை போன்ற நிலையங்களின் உழைப்பால் இன்று நமக்குக் கிடைத்துள்ள பொதுவான அளவுகள் தெளிவாகவே இருக்கின்றன. பச்சை வாழைக்கு 13 முதல் 14 டிகிரி. பலாவுக்கும் அதை ஒட்டிய அளவு. எலுமிச்சைக்கு 9, 10, அதற்குக் கீழே தோலில் குழி விழும். கொய்யா 8, 10 டிகிரியில் சில வாரம் நிற்கும். அன்னாசியும் பப்பாளியும் பக்குவத்தைப் பொறுத்து 7 முதல் 13 வரை. மாறாக, திராட்சை உறைநிலையை ஒட்டிய குளிரைக்கூடச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். ஆகவே திராட்சையையும் வாழையையும் ஓரறையில் வைக்கிறவன் இரண்டில் ஒன்றை நிச்சயமாக இழப்பான்.

உஷ்ணம் சரியாக அமைந்துவிட்டால் மட்டும் போதாது. அறையின் ஈரப்பதம் 85 முதல் 95 சதவீதம் வரை இருக்க வேண்டும்; குறைந்தால் பழம் தன் நீரை இழந்து வதங்கும், எடையும் குறையும், எடை குறைந்தால் காசும் குறையும். இந்த விஷயத்தில் அநேகக் கிடங்குகள் தவறு செய்கின்றன. குளிர்வாயு ஓடும் சுருள்குழாயைச் சிக்கனத்துக்காகச் சிறிதாக அமைத்துவிட்டு, அறையைக் குளிரவைக்க அந்தக் குழாயைக் கடுங்குளிராக ஓட்டுவார்கள். அறைக் காற்றிலுள்ள ஈரமெல்லாம் அந்தக் குழாயின் மேல் வெண்பனியாய்ப் படிந்துவிடும். வறண்ட காற்று பழத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பெரிய சுருள் அமைத்து, அறைக்கும் சுருளுக்கும் இடையே உள்ள உஷ்ண வித்தியாசத்தைக் குறைத்தால் இந்த நஷ்டம் பெரும்பாலும் நீங்கும். கட்டும்போது சேர்த்துச் செலவழிக்கும் அந்தப் பணம், பின்னால் வருஷாவருஷம் பழத்தின் எடையாகத் திரும்பி வருகிறது. கிடங்கு கட்ட முனையும் உழவர் சங்கத்தார் ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவென்றே நான் கருதுகிறேன்.

காற்றின் குணமும் முக்கியம். ஜமைக்காவில் எச். எச். கசின்ஸ் என்ற அதிகாரி, ஆரஞ்சையும் வாழையையும் ஒரே கப்பலறையில் ஏற்ற வேண்டாம், ஆரஞ்சிலிருந்து வரும் ஏதோ ஓர் ஆவி வாழையைப் பழுக்க வைத்துவிடுகிறது என்று 1910-இலேயே எழுதினார். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவைத் தானே உற்பத்தி செய்கிறது என்பதை 1934-இல் ஆர். கேன் என்ற விஞ்ஞானி ரசாயன முறையில் நிரூபித்தார். நம் ஊர்களில் வாழைத்தாரைக் குழியிலோ அறையிலோ அடுக்கிப் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைத்தவர்கள் அந்த வாயுவைப் பெயர் தெரியாமலே கையாண்டவர்கள். புகையில் அது இருக்கிறது. பழுக்கவைக்க வேண்டியபோது அது நண்பன், காக்க வேண்டியபோது சத்துரு. பழுத்த பழம் ஒன்று கலந்துவிட்டாலும் அறை முழுவதும் அது பரவும். ஆஸ்திரேலியாவில் ஸ்காட் முதலியோர் 1970-இல், வாழைக்காயைப் பாலித்தீன் உறையிட்டு, உள்ளே பொட்டாசியம் பெர்மாங்கனேட் தோய்ந்த பொருளை வைத்து எத்திலீனை உறிஞ்சச் செய்து, குளிரே இல்லாமல் பச்சையாக நெடுநாள் வைத்துக் காட்டினார்கள். கோயம்புத்தூர் பல்கலைக்கழகத்தார், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோடும் இலங்கையின் தொழில்நுட்ப நிறுவனத்தோடும் சேர்ந்து, ஹெக்சனால் என்ற இயற்கைப் பொருளை மாமரத்தில் காயின் மேலேயே தெளித்துப் பழுப்பதைத் தள்ளிப்போடும் வழியைச் சோதித்திருக்கிறார்கள். சவ்வு சிதைவதைத் தாமதப்படுத்துவதே அதன் வேலை.

இவ்வளவு சாஸ்திரமும் பழம் கிடங்கின் வாசலை அடைந்த பிறகுதான். அதற்கு முன்னால் நடப்பதே நம் பக்கத்தில் பெரிய நஷ்டம். உச்சி வெயிலில் பறித்த காயின் உட்புறம் 35 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அதை அப்படியே அடுக்கி அறையில் தள்ளினால், அடுக்கின் நடுவே உள்ள பழம் குளிர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். விடியற்காலையில் பறித்து, நிழலில் பரப்பி, பெட்டிகளின் இடுக்குகளில் குளிர்ந்த காற்று விசையோடு புகுந்து போகும்படி செய்தால் சில மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். அதுபோலவே, குளிரிலிருந்து வெயிலுக்குத் திடீரென்று கொண்டுவந்தால் பழத்தின் மேல் வியர்த்து நீர் கோத்துக் காளான் பூக்கும். இடைநிலை அறை ஒன்றில் சற்று நேரம் வைத்தே வெளியே விட வேண்டும்.

கல்வராயன் மலைக்காரருக்கு வருவோம். வெள்ளிமலை வட்டாரத்துச் சரிவுகளிலும் அடிவாரத்துக் கரடுகளிலும் விளையும் சீத்தா, நான் மேலே சொன்ன எல்லாப் பழங்களிலும் பிடிவாதமானது. செதில்களுக்கு இடையே வெளிறிய கோடு விரிந்து, கண் திறந்தது என்று மலைக்காரர் சொல்லும் நிலை வந்ததும் பறிக்க வேண்டும். கண் திறவாததைப் பறித்தால் வெம்பிக் கல்லாகும். கண் திறந்ததைப் பறித்தால் இரண்டு மூன்று நாளில் கனிந்து, அடுத்த நாளே வெடித்து அளிந்துபோகும். தியாகதுருகத்துச் சாலையோரத்தில் கூடையில் இலை பரப்பிப் பழம் அடுக்கிக்கொண்டிருந்த மூதாட்டியிடம் விலையைக் குறைத்துக் கேட்டபோது, "இன்னிக்கு வித்தாத்தான் சார் காசு, நாளைக்கு இது கெடந்தா ஆட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, கனிந்த பழம் ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். அதற்கு மேல் அந்த வியாபாரத்தைப் பற்றி விளக்க வேண்டியது ஒன்றும் இல்லை.

இந்தச் சீத்தாவுக்குக் குளிரும் எளிதில் உதவுவதில்லை. 15 டிகிரிக்கு மேலே வைத்தால் சில நாள் கூடுதலாய் நிற்கும். 13 டிகிரியை ஒட்டியும் அதற்குக் கீழேயும் போனால் தோல் கறுத்துப் பழுக்கும் சக்தி குன்றுகிறது. உள்ளே சதை நன்றாகவே இருந்தாலும் கறுத்த தோலைப் பார்த்து வாங்குகிறவர் விலகிப் போகிறார். கிருஷ்ணகிரியில் மாம்பழத்தைக் கூழாக்கிச் சுடவைத்து டப்பாவில் அடைப்பதுபோல் இதை அடைக்கவும் முடியாது; சீத்தாவின் சதையை 65 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் கசப்புத் தட்டிவிடும். விதை நீக்கிய சதையை உடனே உறையவைத்து, உறைநிலைக்கு 18 டிகிரி கீழே வைத்துக்கொள்ளலாம். ஐஸ்கிரீம் செய்கிறவர்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் அதற்கு இடையறாத மின்சாரமும் குளிரூட்டிய வண்டியும் வேண்டும். மலைப்பாதைகளில் இவ்விரண்டையும் நம்பி ஒரு தொழிலை நடத்துவது இன்னும் கஷ்டமே.

டெல்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1980-களில் சுசாந்த ராய் என்பவரும் அவருடைய சகாக்களும் மின்சாரமே இல்லாத ஒரு குளிர்ப்பெட்டியை வகுத்தார்கள். செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையே ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆற்றுமணலைக் கொட்டி, காலையும் மாலையும் அந்த மணலை நனைத்து, மேலே ஈரச் சாக்கோ வெட்டிவேர்த் தட்டியோ மூடுவார்கள். நீர் ஆவியாகும்போது உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போவதால், கோடையின் வறண்ட நாள்களில் உள்ளே வெளியுஷ்ணத்தைவிடப் 10 முதல் 15 டிகிரி வரை தணிந்து, ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். வெப்ப மண்டலப் பழங்கள் கடுங்குளிரை வெறுப்பவை என்பதனாலேயே இந்த எளிய பெட்டி அவற்றுக்குப் பொருந்துகிறது. ஆப்பிளுக்கு இது போதாது, நம் மாவுக்கும் கொய்யாவுக்கும் கணிசமாக உதவும். ஆனால் சீத்தாவின் பருவம் ஆவணியிலிருந்து ஐப்பசி வரை; மழையும் ஈரக்காற்றும் சேர்ந்த நாள்களில் நீர் ஆவியாவது குறைந்து பெட்டியின் குளிர்ச்சியும் குறைந்துவிடும். ஆகவே மாம்பழக் காலத்துக்குச் சொல்லும் பலனைச் சீத்தாக் காலத்துக்கும் அப்படியே வாக்களிப்பது சரியாகாது.

அதனால்தான் அளந்து பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். கல்வராயன் மலைச் சீத்தாவுக்கு 13, 15, 17, 19 டிகிரிகளில் எது உகந்தது, உறையிட்டால் எத்தனை நாள் கூடும், கண் திறந்த முதல் நாள் பறிப்பதற்கும் மூன்றாம் நாள் பறிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பதையெல்லாம் வேறு மாநிலத்துப் பழத்தை வைத்து எழுதிய புத்தகத்திலிருந்து கடன் வாங்காமல், இந்த மலைப் பழத்தை வைத்தே கண்டறிய வேண்டும். மலையின் மறுபுறத்தில், சேலம் ஜில்லாவைச் சேர்ந்த கருமந்துறையில் அரசாங்கத்தின் பெரிய பழப்பண்ணையே இருக்கிறது. சிறு குளிரறைகள் நான்கு, ஒரு தராசு, சாற்றின் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று, காலையில் காய் எண்ணிக் குறிப்பெழுதும் இரண்டு இளைஞர்கள், தொடர்ந்தாற்போல் மூன்று பருவம் என்று ஏற்பாடு செய்தால் வேலை நடந்துவிடும். 2019-இல் புதிதாய்ப் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பழத்துக்கென்று குளிர்பதனக் கிடங்கு கட்டப் புறப்படுகிறவர்கள், ஒரே பெரிய கூடமாகக் கட்டிவிடாமல், உஷ்ணத்தைத் தனித்தனியே அமைத்துக்கொள்ளக்கூடிய குறைந்தது மூன்று அறைகளாகப் பிரித்துக் கட்ட வேண்டும். அவற்றில் ஒன்றை ஆவணி முதல் ஐப்பசி வரை 15 டிகிரிக்குக் கீழே இறக்காமல் சீத்தாவுக்கென்று விட்டுவைக்க வேண்டும்.